மேசைப் பவளத்தை விட்டு எங்கே போகும்?

பவளப்பாறைகள் வெளுத்துச் சாகின்றன என்று செய்தி வரும்போதெல்லாம் ஒரு கேள்வியும் எழுகிறது. பவளம் நகராது, சரி. மீனுக்குத்தான் துடுப்பு இருக்கிறதே, வேறு பாறைக்குப் போய்விடாதா? நியாயமான கேள்வி. இதற்கு விடை காண ஒரே ஒரு மீனின் வாழ்க்கையை நிதானமாகப் பார்த்தாலே போதும்.

அம்புமுனை போன்ற மெல்லிய வரிகள் உடலெங்கும் ஓடும் வண்ணத்துப்பூச்சி மீன் அது. அறிவியல் பெயர் கீட்டோடான் டிரைஃபேசியாலிஸ். அதிகம் போனால் 18 செ.மீ. வளரும். வெளிர் உடல், கண்ணை மறைக்கும் கறுப்புப் பட்டை, மஞ்சள் ஓரமிட்ட கறுப்பு வால். செங்கடல் தொடங்கி ஹவாய் வரை இது உண்டு. இவ்வளவு பரந்த கடலில் வாழும் மீனுக்கு இடப் பஞ்சமா என்று தோன்றலாம். அங்கேதான் நாம் தவறிவிடுகிறோம்.

இதன் உணவு உயிருள்ள பவளம் மட்டுமே. அதிலும் மேசைபோலத் தட்டையாகப் படர்ந்து வளரும் அக்ரோபோரா வகைகள்தான் இதற்கு வேண்டும். ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டில் அக்ரோபோரா ஹயாசிந்தஸ் என்ற ஒரே இனத்தைத்தான் பெரும்பாலும் கொத்தித் தின்கிறது. முடிபோன்ற நுண்பற்களால் பவளத்தின் சதையை மட்டும் நறுக்கி எடுக்கும்; சுண்ணாம்புக் கூட்டை உடைப்பதில்லை. சதை மறுபடி வளர்ந்துவிடும். ஆகவே இது பவளத்தை அழிக்கும் மீன் அல்ல.

இதன் உறவினங்கள் பெரும்பாலும் இணை பிரியாமல் சோடியாகத் திரியும். இதன் குடும்ப முறையே வேறு. ஒவ்வொரு பெண் மீனும் தனக்கென்று சில பவளங்களை வைத்துக்கொள்கிறது. அப்படிப் பல பெண் மீன்களின் எல்லைகளையும் உள்ளடக்கிய பெரிய வட்டாரத்தை ஓர் ஆண் மீன் காக்கிறது. ஜப்பானின் ஒகினாவா பகுதியில் இந்த முறை பதிவாகியுள்ளது. அந்தி நேரத்தில் முட்டையிடுகின்றன. முட்டைகள் நீரோட்டத்தில் மிதந்து போகின்றன. பொரிந்த குஞ்சின் தலையை எலும்புத் தகடுகள் கவசம்போல மூடியிருக்கும். அந்தக் கோலத்தில் அது திறந்த கடலில் வாரக்கணக்கில் அலைந்து, பிறகு பவளக் கிளைகளுக்கிடையே வந்து ஒடுங்குகிறது. செங்கடலையும் ஹவாயையும் எட்டிப் பிடித்தது இந்தக் குஞ்சுப் பருவம்தான். ஒருமுறை தங்கிவிட்டால், வளர்ந்த மீனின் உலகம் சில பவள மேசைகளுக்குள் அடங்கிவிடும்.

சரி, இருந்த பவளம் செத்தபின் கிளம்பினால்? பக்கத்துப் பவளத்துக்கு ஏற்கெனவே உரிமையாளர் உண்டு, விரட்டியடிப்பார். தொலைவில் உள்ளதும் தப்பியிருக்காது, ஏனென்றால் வெப்பம் ஏறினால் முதலில் வெளுக்கும் பவளங்களில் இந்த மேசைப் பவளமும் ஒன்று. வேகமாக வளரக்கூடியதுதான், பத்தாண்டு அமைதி கிடைத்தால் மீண்டும் படர்ந்துவிடும். ஆனால் பெருந்தடுப்புத் திட்டு 2016, 2017, 2020, 2022, 2024 என அடுத்தடுத்து வெளுத்திருக்கிறது. இந்த இடைவெளி போதாது.

2016 வெளுப்புக்கு முன்னும் பின்னும் ஜப்பான், பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா, கிறிஸ்துமஸ் தீவு ஆகிய இடங்களில் வண்ணத்துப்பூச்சி மீன்களைக் கவனித்த ஆய்வாளர்கள் ஒன்றைக் கண்டார்கள்: அவை தங்களுக்குள் சண்டையிடுவது மூன்றில் இரண்டு பங்கு குறைந்துபோயிருந்தது. அதைச் சமாதானம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. பசித்த உடலில் விரட்டத் தெம்பில்லை. காப்பதற்கும் பெரிதாக எதுவும் மிஞ்சவில்லை. எண்ணிக்கை குறைவதற்கு முன்பே மீனின் நடத்தை நமக்கு நிலைமையைச் சொல்லிவிடுகிறது.

வெப்பத்தைத் தணிப்பது அரசுகள் கூடிச் செய்ய வேண்டிய வேலை. நம் கைக்குள் இருப்பதும் ஒன்று உண்டு. பவளம் மட்டுமே தின்னும் வண்ணத்துப்பூச்சி மீன்கள் கண்ணாடித் தொட்டியில் வேறு தீனியை ஏற்காமல் பெரும்பாலும் பட்டினியால் சாகின்றன. கடல்மீன் வளர்க்க விரும்புவோர் வாங்குமுன் அது எதைத் தின்னும் என்று கேளுங்கள். பவளம் என்று பதில் வந்தால் வாங்காதீர்கள்.