தொழிலாளியின் தூக்கம் யார் கணக்கில்?

குறட்டை விடுகிறவனைக் கும்பகர்ணன் என்று கேலி செய்வது நம் வீடுகளில் வழக்கம். அதே ஆள் மில்லில் இயந்திரத்தின் பக்கத்தில் கண் சொருகினால் யாரும் சிரிப்பதில்லை, மெமோ கொடுக்கிறார்கள். ராத்திரி குறட்டை, பகலில் தூக்கம் என்ற இரண்டும் சேர்ந்து ஒரு வியாதியின் அடையாளமாக இருக்கலாம் என்று வீட்டிலும் சொல்லுவாரில்லை, மில்லிலும் சொல்லுவாரில்லை.

தூங்கும்போது தொண்டைத் தசை தளர்ந்து காற்றுப் பாதை அடைத்துக் கொள்கிறது. பத்து விநாடி, சில சமயம் அதற்கும் மேலே, மூச்சு நின்று போகிறது. ரத்தத்தில் ஆக்ஸிஜன் இறங்குகிறது. மூளை உடம்பை உலுக்கி எழுப்புகிறது. பெரிய குறட்டையோடு மூச்சு திரும்புகிறது. தான் விழித்தது தூங்குகிறவனுக்கே தெரியாது. இப்படி மணிக்கு 5 தடவை நேர்ந்தால் டாக்டர்கள் வியாதி என்று கணக்கிடத் தொடங்குகிறார்கள். 30 தடவை என்றால் கடுமையான வியாதி. எட்டு மணி நேரம் படுத்தும் உடம்பு ஓய்வு காணாது. ரத்தக் கொதிப்பும், இருதய நோயும், பக்கவாதமும் இதோடு சேர்ந்து வருகின்றன. லாரி ஓட்டுகிறவர், இயந்திரத்தின் முன் நிற்கிறவர் விஷயத்தில் விபத்தும் வருகிறது.

இது தொந்தி வைத்த பணக்காரர்களின் வியாதிதானே என்று நினைக்க வேண்டாம். உடல் பருமன் ஒரு காரணம்தான். ஆனால் தாடை சிறுத்த அமைப்புள்ளவர்களுக்கு மெலிந்த உடம்பிலும் இது வருகிறது. டில்லி எய்ம்ஸ் டாக்டர்கள் நம் நாட்டில் நடந்த பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2023-ல் ஒரு மதிப்பீடு வெளியிட்டார்கள்: பெரியவர்களில் நூற்றுக்கு 11 பேருக்கு இந்த வியாதி, வேலை செய்யும் வயதில் உள்ளவர்களில் சுமார் 10 கோடி 40 லட்சம் பேர். இவர்களில் எத்தனை பேர் டாக்டரிடம் போயிருப்பார்கள்?

போனாலும் சோதனை சுலபமல்ல. தலையிலும் கண்ணோரத்திலும் முகவாயிலும் கம்பிகளை ஒட்டி, மார்பில் பட்டை கட்டி, மூக்கில் குழாய் வைத்து, விரலில் கவ்வி மாட்டி ஒரு ராத்திரி முழுவதும் ஆஸ்பத்திரியில் படுக்க வைக்கிறார்கள். பிறகு ஒரு நிபுணர் அந்த ராத்திரியை 30 விநாடித் துண்டுகளாகப் பிரித்துப் படிக்கிறார். எட்டு மணி நேரத்துக்கு 960 துண்டுகள்! இந்த வசதி பெரிய நகரத்து ஆஸ்பத்திரிகளில்தான். நாற்று நடப் போகும் பெண் ஒரு நாள் கூலியை இழந்து, பஸ் ஏறி, அங்கே போய்ப் படுப்பாளா?

இந்த இடத்தில்தான் எஞ்சினியர்களின் ஆராய்ச்சியை நாம் மனமாரப் பாராட்ட வேண்டும். இத்தனை கம்பிகள் எதற்கு, இருதயத் துடிப்பின் பதிவு ஒன்றை வைத்தே மூச்சு நிற்பதைக் கண்டுபிடிக்க முடியாதா என்று 2000-ம் ஆண்டில் உலகத்து விஞ்ஞானிகளுக்கு ஒரு போட்டி வைக்கப்பட்டது. ஜெர்மனியின் மார்பர்க் சர்வகலாசாலையில் எடுத்த 70 ராத்திரிப் பதிவுகளை எல்லோருக்கும் இலவசமாகத் திறந்து விட்டார்கள். முடியும் என்று பலர் செய்து காட்டினார்கள். இன்று விரல் கவ்வியும் சிறு பெட்டியும் வைத்துக்கொண்டு வீட்டிலேயே சோதிக்கிறார்கள். கைக்கடிகாரத்தையே இதற்குப் பயன்படுத்த அமெரிக்க சர்க்காரின் மருந்துக் கண்காணிப்பு இலாகா 2024-ல் அனுமதி தந்தது. பூட்டி வைக்காத அறிவு எவ்வளவு வேகமாக வளர்கிறது, பாருங்கள்!

ஆனால் இயந்திரம் யாரை வைத்துப் பழக்கப்பட்டது என்பதையும் கேட்க வேண்டும். விரல் கவ்வி தோலுக்குள் ஒளியைச் செலுத்தி ஆக்ஸிஜனை அளக்கிறது. 2020-ல் அமெரிக்காவின் மிச்சிகன் ஆராய்ச்சியாளர்கள் அந்த அளவை ரத்தப் பரிசோதனையோடு ஒப்பிட்டார்கள். கவ்வி ‘பரவாயில்லை’ என்று காட்டிய சமயத்தில் உண்மையில் ஆக்ஸிஜன் அபாயகரமாக இறங்கியிருந்தது, வெள்ளையரில் நூற்றுக்கு 3.6, கறுப்பரில் 11.7. வெயிலில் கறுத்த நம் கழனித் தொழிலாளியின் விரலில் அந்தக் கவ்வி என்ன சொல்லும்? நம் ஜனங்களின் மேல் சோதித்துப் பார்க்காமல் அதை நம்பச் சொல்வது விஞ்ஞானமல்ல.

சிகிச்சைக்கும் வழி உண்டு. முகமூடி வழியாகக் காற்றை அழுத்தித் தொண்டையைத் திறந்து வைக்கும் இயந்திரத்தை ஆஸ்திரேலியாவில் டாக்டர் காலின் சல்லிவன் 1981-ல் உலகுக்கு அறிவித்தார். அதற்கு முன் கடுமையான நோயாளிக்குக் கழுத்தில் துளை போடுவதுதான் வழி. எத்தனையோ லட்சம் பேருக்கு உயிர் தந்த கருவி இது. அது கம்பெனிகளின் கைக்குப் போன பிறகு என்ன நடந்தது? பிலிப்ஸ் கம்பெனி சத்தத்தை அடக்க உள்ளே வைத்த நுரைப்பஞ்சு உதிர்ந்து நோயாளியின் மூச்சில் போகக்கூடும் என்று 2021 ஜூனில் லட்சக்கணக்கான இயந்திரங்களைத் திரும்பப் பெற நேர்ந்தது. பஞ்சைப் பற்றிய கடிதப் போக்குவரத்து 2015-லேயே நடந்திருப்பதை அமெரிக்கப் பரிசோதகர்கள் கண்டார்கள். 2024-ல் குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலே 110 கோடி டாலர் கொடுத்து வழக்குகளைத் தீர்க்கக் கம்பெனி சம்மதித்தது.

இன்னொரு விஷயம். அந்த இயந்திரம் காற்றை மட்டும் ஊதுவதில்லை, கணக்கும் எழுதுகிறது. அமெரிக்காவில் முதல் மூன்று மாதத்துக்குள், தொடர்ந்து 30 நாளில் நூற்றுக்கு 70 ராத்திரியாவது நாலு மணி நேரம் முகமூடி போட்டிருந்தால்தான் முதியோருக்கான சர்க்கார் இன்ஷூரன்ஸ் மேற்கொண்டு பணம் தருகிறது. தனியார் கம்பெனிகளும் இதே வழியைப் பிடித்துக்கொண்டன. நோயாளியின் படுக்கையருகே ஒரு மேஸ்திரி உட்கார்ந்து ஆஜர் எடுக்கிறான்!

இது அமெரிக்கக் கதை என்று விட்டுவிட முடியாது. நம் சர்க்கார் 2021 செப்டம்பர் 27-ல் நாடு முழுவதும் டிஜிட்டல் மருத்துவப் பதிவேட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. ஆளுக்கு 14 இலக்க எண். எந்த ஆஸ்பத்திரியில் பார்த்தாலும் சீட்டுகள் ஒரே எண்ணில் சேரும். ஊர் ஊராகப் பிழைக்கப் போகிற தொழிலாளிக்கு இது நல்லதுதான். மழையில் நனைந்து போன பழைய சீட்டைத் தேட வேண்டியதில்லை. சேருவது அவரவர் விருப்பம் என்றும் சொன்னார்கள். ஆனால் தடுப்பூசி போட ஆதாரைக் காட்டியவர்களுக்குச் சொல்லாமலே எண் உண்டாக்கப்பட்டது என்று அப்போதே புகார் எழுந்தது. பத்திரமாக இருக்குமா என்றால், 2022 நவம்பர் 23-ல் டில்லி எய்ம்ஸின் கம்ப்யூட்டர்களைத் திருடர்கள் பூட்டி விட்டார்கள். சுமார் இரண்டு வாரம் அந்தப் பெரிய ஆஸ்பத்திரி காகிதமும் பேனாவுமாக வேலை செய்தது.

திருடனைவிட நமக்குக் கவலை, உரிமையோடு உள்ளே வருகிறவனைப் பற்றி. 2023-ம் வருஷத்திய டிஜிட்டல் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தின் 7-வது பிரிவைப் படித்துப் பாருங்கள். வேலை சம்பந்தமான காரியங்களுக்காகவும், முதலாளிக்கு நஷ்டமோ பொறுப்போ வராமல் காப்பதற்காகவும் தொழிலாளியின் சம்மதம் கேட்காமலே அவருடைய தகவலைப் பயன்படுத்த அது இடம் தருகிறது. 2025 நவம்பர் 21-ல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அமலுக்கு வந்தபோது, 40 வயதுக்கு மேற்பட்ட தொழிலாளிகளுக்கு வருஷத்துக்கு ஒரு இலவச மருத்துவப் பரிசோதனை என்று அறிவித்தார்கள். பரிசோதனை வேண்டும்; வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. பரிசோதனைக்குப் பணம் கொடுக்கிறவன் முதலாளி. முடிவு முதலில் யார் மேஜைக்குப் போகும்? ‘இவனுக்குத் தூக்க வியாதி’ என்ற ஒரு வரி, சிகிச்சைக்குச் சீட்டாகுமா, வேலை நீக்கத்துக்குச் சாட்சியாகுமா?

அந்தப் பதிவேட்டில் ஒரு கட்டம் காலியாகவே கிடக்கும் என்றும் நாம் அஞ்சுகிறோம். மூச்சு எத்தனை தடவை நின்றது என்று இயந்திரம் எழுதும். அந்த ஆள் எத்தனை ராத்திரி தொடர்ந்து வேலை செய்தார் என்று எழுதாது. தகரக் கூரையின் கீழ், பகல் வெக்கையில், பிள்ளைகளின் சத்தத்தில் நாலு மணி நேரம் புரண்டு எழுந்தவருக்கு வரும் மயக்கம் தொண்டையில் பிறந்ததல்ல, ஷிப்ட் அட்டவணையில் பிறந்தது. ராத்திரி ஷிப்ட் அநேகமாகப் புற்றுநோய்க்குக் காரணமாகக் கூடியது என்று உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிக் கழகம் 2007-ல் வகைப்படுத்தியது. 2019-ல் மறுபடி ஆராய்ந்தும் அதையே சொன்னது. இதை எழுதாத பதிவேடு பழியைத் தொழிலாளியின் தொண்டை மேல் போட்டு, முதலாளியின் அட்டவணையைத் தப்ப விடும்.

இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிகளில் தூக்கப் பரிசோதனையும் மூச்சு இயந்திரமும் தொழிலாளிக்குத் தாமதமின்றிக் கிடைக்க வேண்டும். தாலுகா ஆஸ்பத்திரியில் விரல் கவ்விப் பெட்டி இருந்தால், கழனியில் உழைப்பவர் பெட்டியை ராத்திரி வாங்கிப் போய்க் காலையில் திருப்பித் தரலாம். பரிசோதனையின் முடிவு நோயாளிக்கும் டாக்டருக்கும் மட்டுமே. ‘இந்த வேலைக்குத் தகுதி, அல்லது வேறு வேலை தேவை’ என்பதற்கு மேல் ஒரு சொல்லும் நிர்வாகத்துக்குப் போகக் கூடாது. வேறு வேலை என்றால் கூலி குறையக் கூடாது.

வருஷாந்திரப் பரிசோதனைக்கு மில் வாசலில் வண்டி வரும்போது சங்கத் தோழர்கள் பக்கத்தில் நிற்க வேண்டும். எந்த ஷிப்ட், எத்தனை ராத்திரி தொடர்ந்து என்பதைச் சீட்டில் எழுதச் சொல்லுங்கள். எழுதிய சீட்டின் நகலை அங்கேயே கேட்டு வாங்கி வீட்டில் வையுங்கள்.