ஊற்று வற்றினால்?

காவிரியில் நீர் வராத ஆண்டுகளில் படுகை உழவனுக்குக் கைகொடுப்பது ஆழ்குழாய்க் கிணறே. நிலக்கரிப் படுகையில் அடைபட்ட மீத்தேனை எடுக்கவோ, முதலில் அங்குள்ள நீரை இறைத்து அழுத்தத்தைக் குறைத்தல் வேண்டும். மன்னார்குடிப் பகுதிக்கு அத்திட்டம் வந்தபோது உழவர் அஞ்சியதில் வியப்பென்ன?

டெல்டாவில் மீத்தேன் எடுக்கத் தமிழக அரசு 2015-இல் தடை விதித்தது. 2017-இல் ஹைட்ரோகார்பன் திட்டத்தை எதிர்த்துப் புதுக்கோட்டை மாவட்டத்து நெடுவாசல் எழுந்தது. 2020-இல் வந்த வேளாண் மண்டலச் சட்டம் புதிய எண்ணெய், எரிவாயுக் கிணறுகளைத் தடுத்தது. முன்பே இயங்கியவற்றை அது தொடவில்லை.

நாட்டுக்கு எரிபொருள் தேவைதான். ஆயினும் அக்கிணறுகளைச் சுற்றியுள்ள ஊர்களின் குடிநீரை ஆண்டுதோறும் சோதித்து, முடிவைக் கிராம சபையில் படித்துக் காட்டுதல் அரசின் கடமையன்றோ? எரிவாயுவை விலைக்கு வாங்கலாம். கெட்ட ஊற்றுக்கு மாற்று எங்கே வாங்குவது? உழவர் வீட்டுப் பிள்ளைகளாகிய நாம் கேட்காவிடில் வேறு யார் கேட்பார்?