மரிக்கொழுந்தும் மாசிபத்திரியும்

திருவில்லிபுத்தூர் என்றவுடன் பெரியாழ்வாரின் நந்தவனம் நம் நினைவிற்கு வரும். ஆண்டாள் சூடிக்களைந்த மாலை இன்றும் புரட்டாசித் திருவிழாவின்போது திருமலைக்குச் செல்கின்றது. மாலைக்குப் பெயர் பெற்ற இவ்வூரிலும், அண்மையிலுள்ள இராசபாளையத்திலும் மல்லிகைப் பந்தல் இடுவோர் பலர். மணக்கும் தழைச்செடி வளர்ப்போர் சிலரே. மரிக்கொழுந்தும் மாசிபத்திரியும் வீடுதோறும் வளர்தல் வேண்டும் என்பது என் கருத்து.

இவ்விரண்டும் தாவர நூலார் ஆர்ட்டிமீசியா என வழங்கும் ஓரினத்தைச் சேர்ந்தவை. மரிக்கொழுந்தின் விதை மிக நுண்ணியது. அதனை மணலுடன் கலந்து, ஐப்பசியில் மேட்டுப்பாத்தியில் தூவி, பூவாளியால் மெல்ல நீர் தெளித்தல் வேண்டும். நாற்றைக் கார்த்திகை இறுதியில் பறித்து நட்டால், மாசியில் மணம் கமழும். மாசிபத்திரியோ பல்லாண்டுச் செடி; வேரோடு பிரித்து நட்டாலே தழைக்கும். இவை வெயிலை விரும்பும். நீர் தேங்கினால் அழுகும். மலையடிவாரத்துச் செம்மண் தோட்டம் இவற்றிற்கு ஏற்றதாகும்.

“கடைத்தெருவில் காசு கொடுத்தால் கிடைக்கும் தழையை வளர்ப்பானேன்?” என்று சிலர் வினவலாம். கடை மணத்தைத் தரும், அறிவைத் தருமோ? மருவும் மரிக்கொழுந்தும் ஒன்றெனக் கருதுவோர் உளர். மரு, துளசியின் குடும்பத்தது. அதன் இலைகள் எதிரெதிராக அமைந்தவை. மரிக்கொழுந்தின் இலையோ நுண்ணிதாகப் பிளவுபட்டு, வெண்சாம்பல் பூத்திருக்கும். இவ்வேற்றுமையை நட்டு வளர்த்தவன் ஒருபோதும் மறவான்.

செடியறிவின் பயனுக்குச் சீன நாட்டில் ஒரு சான்று உண்டு. இவ்வினத்து வேறொரு செடியைப் பற்றி, கி.பி. நான்காம் நூற்றாண்டில் கோ ஹாங் என்பார் தம் மருத்துவ நூலில் எழுதினார். அச்செடியை நீரில் ஊறவைத்துப் பிழிந்து பருகுமாறு அவர் கூறியிருந்தார். காய்ச்சுமாறு கூறாததைக் கண்ட தூ யூயூ என்னும் அம்மையார், வெப்பம் மருந்தைச் சிதைக்குமோ என்று ஐயுற்றார். குறைந்த வெப்பத்தில் சாற்றை எடுத்து ஆய்ந்தார். 1972ஆம் ஆண்டு ஆர்ட்டிமிசினின் என்னும் மலேரியா மருந்து பிரித்தெடுக்கப்பட்டது. அதற்காக 2015ஆம் ஆண்டு அவருக்கு நோபல் பரிசு வழங்கப்பெற்றது. பழைய ஏடு வழிகாட்டியது. ஆய்வு அதனை உறுதி செய்தது.

ஆயினும், நம் தோட்டத்துத் தழையைக் காய்ச்சலுக்கு மருந்தெனக் கொள்ளுதல் தகாது. சீனச் செடி வேறு, இவை வேறு. அச்சீனச் செடியையும் கசாயமாக்கிப் பருகுதலை உலக நலவாழ்வு நிறுவனம் பரிந்துரைப்பதில்லை. இவ்வேறுபாட்டை உணர்தலே உண்மையான செடியறிவு.

ஏட்டில் பெயரை மட்டும் அறிந்து, எதிரே நிற்கும் செடியை அறியாதிருத்தல் அரைக்கல்வியேயன்றோ? ஆதலின், இளைஞர்களே, வரும் ஐப்பசியில் ஒரு சிறு பாத்தி அமைமின். தோட்டம் இல்லையாயின் ஒரு மண்தொட்டியே போதும். பூவை விரும்பும் நாம் தழையையும் போற்றுவோமாக!