மாடல் கெட்டிக்காரன்தான், ஜோசியக்காரன் அல்ல

"ஏஐ மாடல்கள் இப்போது புத்திசாலிகள், அவை அழைக்கும் கருவிக்கு நல்ல பெயர் வைத்தால் போதும், விளக்கம் எழுதுவது வெட்டி வேலை" என்கிறார் நண்பர். கேட்கச் சுகமாகத்தான் இருக்கிறது. ஆனால் மாடலின் கண்ணுக்கு என்ன தெரிகிறது என்று அவர் யோசித்ததாகத் தெரியவில்லை. கருவிகளை அழைப்பதற்காக 2023 ஜூனில் ஓப்பன்ஏஐ கொண்டுவந்த ஃபங்ஷன் காலிங் ஆகட்டும், 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் வெளியிட்ட எம்சிபி (மாடல் கான்டெக்ஸ்ட் ப்ரோட்டோகால்) ஆகட்டும், மாடலிடம் போய்ச் சேர்வது கருவியின் பெயர், விளக்கம், உள்ளீடுகளின் ஸ்கீமா, அவ்வளவுதான். பின்னால் ஓடும் நிரல் அதற்குத் தெரியாது.

ஒரு கருவியின் விளக்கம் இப்படி இருக்கிறது என்று வையுங்கள்: "ஆர்டர்களைத் தேடும்." உள்ளீடு, தேதி. 05/06/2025 என்றால் ஜூன் 5-ஆ, மே 6-ஆ? சர்வர் ஒரு தடவைக்கு 20 ஆர்டர்தான் தரும்; அது எங்கும் எழுதப்படவில்லை. மாடலை வைத்து ஓடும் ஏஜென்ட், வந்ததை எண்ணிவிட்டு "மொத்தம் 20 ஆர்டர்கள்" என்று அடித்துச் சொல்லும். பிழைச் செய்தி எதுவும் வராது. புதிதாகச் சேர்ந்த கெட்டிக்கார இன்ஜினியரும் இங்கேதான் சறுக்குவார்; அவராவது பக்கத்து சீட்டில் கேட்பார்.

விளக்கம் டோக்கனைத் தின்கிறது என்பது அவரது அடுத்த வாதம். உண்மைதான். அதற்கு மருந்து, ஒரே வேலையைச் செய்யும் நாலு கருவிகளை ஒன்றாக்குவது; விளக்கத்தை வெட்டுவது அல்ல. அந்த ஆர்டர் கருவிக்கு இப்படி எழுதிப் பாருங்கள்: "தேதி: ஆண்டு-மாதம்-நாள். ஒரு தடவைக்கு 20 முடிவுகள். மீதிக்குப் பக்க எண் கொடுக்கவும். ரத்தான ஆர்டர்கள் வராது." இதற்கு எத்தனை டோக்கன் ஆகிவிடும்? தப்பான விடையோடு ஏஜென்ட் அதே கருவியை மறுபடி மறுபடி அழைக்கும்போது ஆகிறதே, அந்தக் கணக்கை நண்பர் போட்டுப் பார்க்கட்டும்.