சிங்கத்தின் வாயில் கை வைத்தவள்

சகோதரிகளே, இந்த முறை வந்த கடிதங்களில் ஒன்று என்னை ரொம்பவும் சங்கடப்படுத்திவிட்டது. எழுதியவர் இரண்டு குழந்தைகளுக்குத் தாய். மூத்தவளுக்கு நாலு வயது, கைக்குழந்தைக்கு எட்டு மாதம். சிநேகிதி கூப்பிட்டாள் என்று விளையாட்டாக டாரட் சீட்டு பார்க்கப் போயிருக்கிறார். வந்த சீட்டு 'பிசாசு'. "உனக்குள்ளே ஒரு இருட்டு இருக்கு, பரிகாரம் பண்ணணும்" என்று சொல்லி ஐயாயிரம் ரூபாய் கேட்டார்களாம்.

"போன வாரம்தான், பாலைக் கொட்டிவிட்டாள் என்று பெரியவளை ஓங்கி அறைந்தேன். கன்னத்தில் விரல் பதிந்துவிட்டது. அது எப்படி அக்கா சீட்டுக்குத் தெரிந்தது? நான் என்ன பிசாசா?" என்று கேட்டிருக்கிறார்.

சீட்டுக்கு ஒன்றும் தெரியாது, தங்கச்சி. முதலில் அதன் ஜாதகத்தைச் சொல்லிவிடுகிறேன்.

டாரட் என்பது பிறவியிலேயே விளையாட்டுச் சாமான்தான். பதினைந்தாம் நூற்றாண்டில் வட இத்தாலியில், மிலான் போன்ற ஊர்களின் பிரபுக்கள் வீட்டில் பொழுதுபோக்காக ஆடிய சீட்டுக்கட்டு. மொத்தம் 78 சீட்டு. அதில் 22 துருப்பு மாதிரியான படச் சீட்டுகள். ஜோசியம் என்ற பெயரெல்லாம் முந்நூறு வருஷம் கழித்து வந்து ஒட்டிக்கொண்டதுதான். 1781-ல் கூர் த ஷெபலன் என்ற பிரெஞ்சுக்காரர், இது பழைய எகிப்தியரின் ரகசிய ஞானம் என்று எழுதி வைத்தார். வேடிக்கை என்னவென்றால், எகிப்தியரின் பட எழுத்தை அப்போது யாராலும் படிக்கவே முடியாது! 1822-ல்தான் ஷாம்போலியன் அதற்கு வழி கண்டார்.

இன்றைக்குப் பலர் கையில் இருக்கும் படங்கள் 1909-ல் லண்டனில் வெளிவந்தவை. வரைந்தவர் ஒரு பெண், பமீலா கோல்மன் ஸ்மித். ஆனால் யோசனை சொன்ன வெயிட்டின் பெயரும் வெளியிட்ட ரைடர் கம்பெனியின் பெயரும்தான் கட்டுக்கு நிலைத்தன. வரைந்தவளுக்குக் கிடைத்த காசும் சொற்பம். 1951-ல் கடனோடுதான் கண்ணை மூடினார். (நம் வீட்டு வேலை ஞாபகத்துக்கு வருகிறதா? எனக்கு வந்தது.)

இனி அந்தப் பிசாசைப் பார்ப்போம். கொம்பும் வௌவால் சிறகுமாக ஒரு உருவம் மேடையில் உட்கார்ந்திருக்கும். கீழே ஒரு ஆணும் பெண்ணும். இருவர் கழுத்திலும் சங்கிலி. படத்தைக் கொஞ்சம் கிட்டே வைத்துப் பாருங்கள். சங்கிலி தொளதொளவென்று இருக்கும். தலைக்கு மேல் தூக்கினால் கழன்று வந்துவிடும். இதைச் சொல்லாமல் பரிகாரத்துக்குப் பணம் கேட்டவர்களை என்ன சொல்வது!

ஸ்விட்ஸர்லாந்தில் கார்ல் யுங் என்று ஒரு மனநல டாக்டர் இருந்தார், 1875-ல் பிறந்து 1961-ல் காலமானவர். 'நிழல்' என்று ஒன்றைப் பற்றி நிறைய எழுதினார். டாரட்டைப் பற்றி அவர் அதிகம் பேசியதில்லை. அவருடைய கருத்தையும் சீட்டுப் படங்களையும் இணைத்துப் பார்த்தவர்கள் பின்னால் வந்தவர்கள். 1980-ல் அமெரிக்காவில் ஸாலி நிக்கல்ஸ் என்ற பெண்மணி இதற்கென்றே ஒரு புத்தகம் போட்டார்.

நிழல் என்பது வேறொன்றுமில்லை. "பொம்பளப் பிள்ளைக்கு இவ்வளவு கோபம் ஆகாது", "என்ன பங்கு கேக்கறே, தம்பிக்குக் கொடு" என்று கேட்டுக் கேட்டு, நம்மிடம் இருக்கக்கூடாது என்று நாமே பின்னால் தள்ளிவிட்டவை. கோபம், பொறாமை, அலுப்பு, ஆசை. தள்ளியதால் போய்விடுமா? பரண் மேல் போட்ட சாமான் மாதிரி அங்கேயேதான் கிடக்கும்.

அது இருப்பது எப்படித் தெரியும்? அடுத்த வீட்டுக்காரி மத்தியானம் காலை நீட்டிப் படுத்திருக்கிறாள் என்று நமக்கு எரிச்சல் எரிச்சலாக வருகிறதே, அங்கே தேடினால் கிடைக்கும். அவள் படுத்தால் நமக்கென்ன? நமக்கும் படுக்க ஆசை. அதைச் சொல்ல வாய் வரவில்லை. மாமியாரிடம் காட்ட முடியாத கோபம், பாலைக் கொட்டிய குழந்தையின் கன்னத்தில் போய் இறங்குவதும் இப்படித்தான். பரண் மேல் நல்ல சாமானும் உண்டு. கல்யாணத்துக்கு முன்னால் பாடிக்கொண்டிருந்தவர்கள் எத்தனை பேர் இதைப் படிக்கிறீர்களோ!

அதே கட்டில் எனக்கு மிகவும் பிடித்தது 'பலம்' என்ற எட்டாம் நம்பர் சீட்டு. பலம் என்றதும் தடித்த ஆம்பிளை, கையில் கதை என்று நினைப்போம். இதில் வெள்ளை உடுப்பில் ஒரு பெண். தலையிலும் இடுப்பிலும் பூமாலை. குனிந்து சிங்கத்தின் வாயில் இரண்டு கையையும் வைத்திருக்கிறாள். கத்தியில்லை, கயிறில்லை. முகத்தில் பயமும் இல்லை. வாயை மூடுகிறாளா, திறக்கிறாளா என்றுகூட எனக்குச் சட்டென்று தெரியவில்லை. மூடுகிறாள் என்பது வெயிட்டின் விளக்கம். அவள் சிங்கத்தைக் கொல்லவில்லை, 'என்னிடம் சிங்கமே கிடையாது' என்று சாதிக்கவும் இல்லை. ஊரின் மேல் அவிழ்த்துவிடவும் இல்லை.

இந்தத் தங்கைக்கு நான் சொல்வதும் அதுதான். கோபம் வருகிறது என்று ஒப்புக்கொள்ளுங்கள். எப்போது வருகிறது என்று நாலு நாள் ஒரு நோட்டில் குறித்துப் பாருங்கள். பெரும்பாலும் சாயங்காலம் ஆறு மணி, குக்கர், அழுகிற கைக்குழந்தை, பசித்த வயிறு என்று இருக்கும். தெரிந்த பிறகு வீட்டுக்காரரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள்: "ஆறு மணிக்கு எனக்குப் பொறுமை தீர்ந்துடுது. அரை மணி நேரம் நீங்க பாத்துக்கணும்." கை ஓங்கும்போல இருந்தால் குழந்தையைப் பத்திரமான இடத்தில் விட்டுவிட்டு, இரண்டு நிமிஷம் வாசலில் போய் நில்லுங்கள். நிழலை ஏற்றுக்கொள்வதென்றால் அறை கொடுக்க லைசென்ஸ் என்று அர்த்தமில்லை. பெரியவளிடம், "அம்மா அடிச்சது தப்பு. பால் கொட்டினதுக்கு நீ கெட்ட பொண்ணு இல்லே" என்று சொல்லிவிடுங்கள். நாலு வயதுக்கு அது நன்றாகப் புரியும்.

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்வேன். குழந்தை தூங்கும்போதும் உங்களுக்குத் தூக்கம் வரவில்லை, காரணமில்லாத அழுகை இரண்டு வாரத்துக்கு மேல் நீள்கிறது என்றால் அது நிழலும் இல்லை, குணமும் இல்லை. வைத்தியம் பார்க்க வேண்டிய உடம்புக் கோளாறு, டாக்டரிடம் போக வேண்டும். உங்களையோ குழந்தையையோ ஏதாவது செய்துவிடலாம் என்று எண்ணம் வந்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள், தனியாகவும் இருக்காதீர்கள். 2022-ல் அரசாங்கம் தொடங்கிய டெலி மானஸ் சேவையில் 14416 என்ற எண்ணுக்கு எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம். தமிழிலேயே பேசுவார்கள்.

அந்த ஐயாயிரம் ரூபாயை இன்னும் கொடுக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, நல்லதாகப் போயிற்று. சாயங்காலத்தில் இரண்டு மணி நேரம் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ளத் தெரிந்த அம்மாள் யாராவது தெருவில் இருப்பார். அவரைக் கேட்டுப் பாருங்கள்.