நிழலை விற்றால் கூலியும் போகும்

கார்த்திகை பிறந்தால் எங்கள் டிக்கெட் ஜன்னல் முன்னே ஒரு கூட்டம் வந்து நிற்கும். தூக்குச்சட்டி, சாக்கு மூட்டை, இடுப்பில் குழந்தை. "மைசூருக்கு நாலு டிக்கெட் குடுங்கய்யா." குடகுக்கு ரயில் கிடையாது, மைசூரில் இறங்கி பஸ் ஏற வேண்டும். காப்பிப் பழம் பறிக்கப் போகும் நம் சனங்கள் இவர்கள். மாசி முடிந்தால் அதே மூட்டையோடு திரும்புவார்கள். மிச்ச மாதங்களுக்கு வேலை எங்கே?

"காப்பித் தோட்டத்தில் பல பயிர் வளர்ப்பது விஞ்ஞானிகள் பாடு, தொழிலாளிக்கு அதில் என்ன?" என்று நம் சங்கத்திலேயே சில நண்பர்கள் கேட்கிறார்கள். இருக்கிறது, தோழர்களே!

இந்தியக் காப்பியில் 100க்கு 70 பங்கு கர்நாடகத்தில் விளைகிறது. பிரேசிலைப் போல வெட்டவெளியில் அல்ல. அத்தி, பலா, ஈட்டி, முள்முருங்கை நிழலில். அவற்றின் சருகுதான் எரு. வேர்தான் மண்ணுக்குப் பிடிப்பு. அவற்றைக் கழித்துவிட்டு, ஆஸ்திரேலிய சில்வர் ஓக்கை வரிசையாக நட்டார்கள். ஏன்? சில்வர் ஓக்கை வெட்டி விற்பது சுலபம். ஈட்டியை வெட்ட வேண்டுமானால் காட்டிலாகாவின் படியேற வேண்டும். லாபக் கணக்கு சரிதான். ஆனால் நிழல் மெலிந்த இடத்தில் அராபிகாவைத் தண்டுத் துளைப்பான் தின்கிறதே, அந்தக் கணக்கை எந்தப் பேரேட்டில் எழுதுவது?

ஒற்றைப் பயிர், ரயிலின் ஒற்றைத் தடம் மாதிரி. ஒரு வண்டி நின்றால் பின்னால் வரும் அத்தனையும் நிற்கும். 1869ல் இலங்கையில் இலைத்துரு நோய் தோன்றியது. சில பத்தாண்டுகளில் காப்பி அழிந்து தேயிலை வந்தது. காப்பிக்காகக் கடல் கடந்தவன் தமிழன் அல்லவா? 1989ல் உலகக் காப்பி ஒப்பந்தத்தின் ஒதுக்கீட்டு முறை முறிந்தது, விலை சரிந்தது. 2001ல் மறுபடி தரைதட்டியது. விலை விழும்போது முதலில் அடிபடுவது செக்ரோலில் உள்ள பெயர்தான்!

கலப்புத் தோட்டம் என்றால் என்ன? காப்பி முடியும் வேளையில் மிளகு பழுக்கும். பாக்கு, ஏலம், வாழை, பலா, ஆரஞ்சு என்று ஒவ்வொன்றும் தொழிலாளிக்குச் சில சம்பள நாள்; விவசாயிக்கு ஒரு முட்டுக்கால். ஒன்று விழுந்தால் மற்றொன்று தாங்கும்.

"ஆள் கிடைக்கவில்லை" என்று முதலாளிகள் புலம்புகிறார்கள். நாலு மாத வேலைக்கு எவன் கிடைப்பான்? 12 மாத வேலை கொடுத்துப் பாருங்கள்!

அதற்காகப் பல பயிர் வந்ததும் நியாயம் வந்துவிடும் என்று ஏமாறவும் வேண்டாம். மரத்தடியில் பத்துப் பயிர் இருந்தும் லயத்துக் கூரை ஒழுகினால், அது கலப்பு விவசாயம் அல்ல, கலப்படம்!

ஆகவே கேட்போம்: நாட்டு மரம் நட்டவனுக்கு அதன் பலன்மீது தடையில்லாத உரிமை வேண்டும். காப்பி விவசாயிகளில் மிகப் பெரும்பாலோர் சிறு விவசாயிகள். மறுநடவு உதவி முதலில் அவர்களுக்குப் போகட்டும். பெரிய தோட்டம் சர்க்கார் பணம் வாங்கினால், நிரந்தர வேலையும் நல்ல வீடும் நிபந்தனையாக இருக்கட்டும்.

இதில் கன்னடன், தமிழன் என்ற பேச்சே வேண்டாம். தலைக்காவேரி குடகில்தான் இருக்கிறது. அந்த மலையின் மரம் இருவருக்கும் தண்ணீர். அடுத்த கார்த்திகைக்கு முன், கன்னடத் தொழிலாளித் தோழர்களோடு தோள் சேர்ந்து இந்தக் கோரிக்கையைக் கொண்டு போவோம்!