பிறர் மறையும் நம் கடனும்

மாற்றுச் சமயத்தார் திருவாக்கெனப் போற்றும் நூலைப் பலர் காணத் தீயிலிடுதல் பண்டைக்காலத்துக் கொடுமை, அஃது இக்காலத்தில் நிகழாதென்று நம்மிற் பலர் கருதியிருத்தல் கூடும். இந்நூற்றாண்டிலும் அது நிகழ்ந்தது. அதுவும் கிறிஸ்துவின் திருப்பெயரால் நிகழ்ந்தது. ஆகலின் அதனைக்குறித்துக் கிறிஸ்தவராகிய நாம் கொள்ளவேண்டிய நிலை யாதென ஈண்டுச் சிறிது ஆராயப் புகுகின்றோம்.

அமெரிக்க நாட்டில் புளோரிடா மாகாணத்துக் கெயின்ஸ்வில் என்னும் ஊரில் ஒரு சிறு சபைக்குப் போதகராயிருந்த டெர்ரி ஜோன்ஸ் என்பார், 2010-ஆம் ஆண்டு செப்டம்பர் 11-ஆம் நாளன்று குர்ஆன் பிரதிகளை எரிக்கப்போவதாக உலகறியப் பறைசாற்றினார். அவரோ அந்நூலில் தமக்குப் பயிற்சி சிறிதுமில்லையென்று பத்திரிகையாளரிடம் தாமே கூறியவர். ரோமாபுரியிலுள்ள கத்தோலிக்கத் தலைமையும், சீர்திருத்தச் சபைகள் பலவும் அவ்வெண்ணத்தை வெளிப்படையாய்க் கண்டித்தன; அவ்வாண்டு எரிப்பு நின்றது. ஆயினும் 2011-ஆம் ஆண்டு மார்ச்சு 20-ஆம் நாளில் அச்சபையார் அந்நூலைக் குற்றவாளிபோல் நிறுத்திப் போலி விசாரணையொன்று நடத்தித் தம் ஆலயத்தினுள்ளேயே அதனை எரித்தனர். ஏப்ரல் 1-ஆம் நாள் ஆப்கானிஸ்தானத்து மசாரி ஷெரீப் நகரில், இச்செய்தி கேட்டுச் சினங்கொண்ட கூட்டம் ஐக்கிய நாடுகளின் நிலையத்திற் புகுந்து எழுவரைக் கொன்றது. அவருள் நால்வர் நேபாளத்துக் காவலர். புளோரிடாவில் எரிந்த ஏட்டிற்கும் அவர்கட்கும் யாதொரு தொடர்புமில்லை.

கொன்றவர் கொலைப்பழியினின்று தப்பார். ஏடு எரிந்ததென்பது உயிர் பறித்தற்கு நியாயமாகாது. ஆயினும் அவர் பழி பெரிதென்பதனால் எரித்தவர் செயல் சிறிதாய்விடுமோ? ஆகாது. ஒருவரும் சினவாது, ஓருயிரும் மடியாது இருந்திருப்பினும், அச்செயல் கிறிஸ்தவனுக்கு அடாததேயாம். என்னை? காரணங் கூறுதும்.

எரித்தல் ஒரு விடையன்று. ஒரு நூல் தவறுடையதென்று நாம் எண்ணுவோமாயின், அதனைக் கற்றுத் தவறு இன்னதென்று காட்டி, கேட்போர் ஏற்பினும் ஏலாவிடினும் பொறுத்திருத்தலே மறுப்பாகும். கல்லாத நூலைக் கனலிலிடுவோன் அந்நூலைப்பற்றி ஒன்றுங் கூறினானல்லன். கூறுதற்குத் தன்னிடம் ஒன்றுமில்லையென்பதையே கூறினான். அயலானைக்குறித்துப் பொய்ச்சான்று பகர்தல் பத்துக் கற்பனைகளுள் விலக்கப்பட்டது. தான் படித்தறியாத மறையைத் தீயதென்று ஊரறியத் தீர்ப்பிடுதல் அக்கற்பனையை மீறுவதன்றோ?

எபேசு பட்டணத்தில் விசுவாசிகள் 50,000 வெள்ளிக்காசு பெறுமான நூல்களை எரித்ததாக அப்போஸ்தலர் நடபடிகளிற் காண்கின்றோமேயெனச் சிலர் வினவுவர். அவ்விடத்தை உற்றுநோக்குமின். எரித்தவர் முன்னர் மாயவித்தை பயின்றோர். எரிந்தவை அவர்தம் சொந்த நூல்கள். பழைய தொழிலைத் துறந்தமைக்கு அடையாளமாக, பிறர் ஏவலின்றித் தாமே எரித்தனர். அந்நகரில் தியானாள் கோயில் பெரும்புகழோடு நின்றது. அக்கோயிற்குரிய பொருளொன்றிலேனும் பவுலடிகள் கைவைத்தாரல்லர். அவருடைய தோழர் கோயிலைச் சூறையாடினாருமில்லை, தேவியை இகழ்ந்தாருமில்லையென அப்பட்டணத்துச் சம்பிரதியே கலகக்கூட்டத்தின்முன் எடுத்துரைத்தனன். அத்தேனே நகரிலோ, பவுலடிகள் கிரேக்கப் புலவர் வாக்கையே மேற்கோளாக எடுத்தாண்டு தம் நற்செய்தியைக் கூறினார். தமதல்லாத நூலை எரித்தல் அப்போஸ்தலர் வழியன்று. அறிந்து எடுத்தாளுதலே அவர் வழி.

மேலும், எரிக்கப்படுதலின் துன்பத்தை நம் திருச்சபை நன்கறியும். 303-ஆம் ஆண்டில் ரோமச் சக்கரவர்த்தி தயோக்கிலேத்தியன் கிறிஸ்தவ மறைநூல்களை எரிக்கக் கட்டளையிட்டான். நூலை ஒப்புவிக்க மறுத்து உயிர்நீத்தாரை இரத்தசாட்சிகளென்று இன்றும் போற்றுகின்றோம். அங்ஙனம் போற்றுவோர் பிற்காலத்திற் செய்ததையும் மறைத்தல் நேர்மையன்று. 1242-ஆம் ஆண்டில் பாரிஸ் நகரத்தில் யூதருடைய தல்மூத் பிரதிகள் வண்டி வண்டியாகக் கொணர்ந்து எரிக்கப்பட்டன. 1562-ஆம் ஆண்டில் மெக்சிகோ நாட்டு மானி என்னும் ஊரில் தியேகோ தெ லாண்டா என்னும் துறவி மாயர் இனத்தாருடைய ஏடுகளை எரித்தார்; அம்மக்கள் அதுகண்டு பெரிதும் வருந்தினரென்று அவரே எழுதியும் வைத்தார். அவ்வினத்தாரின் பண்டை ஏடுகளுள் இன்று எஞ்சியிருப்பவை நான்கே. வருந்தியதைக் கண்டும் எரித்தார் என்பதே எம் நெஞ்சைச் சுடுகின்றது.

சட்டத்தினால் தடுத்துவிடின் போதாதோவெனின், டென்மார்க்கு நாட்டார் 2023-ஆம் ஆண்டு டிசம்பரில் மறைநூல்களைப் பலரறிய இழிவுசெய்தலைத் தடுத்துச் சட்டமியற்றினர். சுவீடன் நாட்டிலோ அவ்வாண்டிற் குர்ஆன் எரிப்பு பேச்சுரிமையின்பாற் படுவதென அனுமதிக்கப்பட்டது. சட்டம் நாட்டுக்கு நாடு வேறுபடும். கையைத் தடுக்கும், மனத்தைத் திருத்தாது. சட்டம் விடுவதெல்லாம் சீடனுக்குத் தகுவதன்று. அச்சுவீடன் நாட்டிலேயே நிகழ்ந்த பிறிதொன்றைக் கேண்மின். தோராவையும் விவிலியத்தையும் எரித்தற்கு அனுமதி பெற்ற இஸ்லாமியர் ஒருவர், 2023-ஆம் ஆண்டு ஜூலை 15-ஆம் நாள் ஸ்டாக்ஹோமில் இஸ்ரவேல் தூதரகத்தின்முன் வந்து, கையிலிருந்த தீமூட்டியைத் தரையில் எறிந்தார். எம்மறையையும் எரிப்பது தம் கருத்தன்றென்றும், குர்ஆன் எரிப்பின் கொடுமையை உணர்த்தவே அனுமதி கேட்டதாகவும் கூறினார். பிறர் நமக்குச் செய்யவேண்டுமென நாம் விரும்புவதையே நாம் பிறர்க்குச் செய்தல்வேண்டுமென்பது நம் ஆண்டவர் போதனை. அப்போதனையை அன்று நம் திருமறைக்குச் செய்துகாட்டியவர் நம் சமயத்தாரல்லர் என்பதை நாம் எண்ணி நாணுதல் தகும்.

பிற மறையை மதித்தல் நம் விசுவாசத்தை விடுவதாகுமோவென அஞ்சுவாரும் உளர். ஜி. யு. போப்பையர் கிறிஸ்துவின் ஊழியராய் இந்நாட்டிற்கு வந்தவர். இறுதிவரை குருவாகவே வாழ்ந்தவர். அவரே தம் எண்பதாம் வயதில், 1900-ஆம் ஆண்டில், சைவர் உயிரெனப் போற்றும் திருவாசகத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வெளியிட்டார். அதனால் அவர் விசுவாசம் குன்றியதோ? இல்லை. தமிழ் பயிலும் எமக்கு இவ்வுண்மை நாடோறும் விளங்குகின்றது. பௌத்தர் தந்த மணிமேகலையும், சமணர் தந்த சிந்தாமணியும், சைவ வைணவர் தந்த திருமுறையும் திவ்வியப் பிரபந்தமும், உமறுப்புலவர் தந்த சீறாப்புராணமும், வீரமாமுனிவர் தந்த தேம்பாவணியும் ஒரே அலமாரியில் நிற்கின்றன. தன்னதல்லாததை எரிக்கும் உரிமையை ஒவ்வொரு சமயத்தார்க்கும் அளிப்பின், அவ்வலமாரியில் எஞ்சுவது யாது? சாம்பரேயன்றோ!

ஆதலின், மாணவ நண்பர்காள், நாம் செய்யத்தக்கன மூன்று. நம் ஆண்டவர் பெயரால் இத்தகைய செயல் எங்கு நிகழினும், அது தூரதேசத்ததென்று வாளாவிராது, அஃது அவர் வழியன்றென வாய்திறந்து கூறுதல் ஒன்று. புண்பட்ட அயலாரிடம் நாமே சென்று நம் துயரத்தைத் தெரிவித்தல் மற்றொன்று. அவர் மறையை அவர் வாயிலாகவே கேட்டுக் கற்றல் மூன்றாவது. பல சமயத்தாரும் ஒரே பலகையில் அமர்ந்து பயிலும் இக்கல்லூரியில் இம்மூன்றாவது கடனுக்குப் பொருட்செலவுமில்லை, வழிநடையுமில்லை. அருகிலிருக்கும் தோழனை ஒரு வார்த்தை கேட்டலே வேண்டுவது. கற்றபின் அவனோடு உடன்படாவிடினும் குற்றமில்லை. அந்நூல் அவன் கையில் எத்துணை அன்போடு ஏந்தப்பெறுகின்றதென்பதைக் கண்ட எவனும் அதனை நெருப்பிலிட உடன்படான்.